நூன்முகமும் தன்முகமும்: அரங்கச் சார்புடைய தொடக்ககாலப் பெண் நூலாசிரியர்களின் பாயிரங்கள்

ஆய்வுச் சுருக்கம்

நூலின் முகப்பில் நின்று தன்னைப் பற்றித் தானே பேசுவதைத் தமிழிலக்கண மரபு பொதுவாக விலக்குகிறது. சில சூழல்களில் மட்டும் அதற்கு இடமளிக்கிறது. அரங்கோடும் ஆடல் பாடலோடும் தொடர்புடைய பெண்கள் நூலாசிரியராக வெளிப்பட்டபோது, அவ்விலக்கும் விதிவிலக்கும் அவர்களிடம் எவ்வாறு தொழிற்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சை அரங்காசம்மா, முத்துப்பழனி, பெங்களூர் நாகரத்தினம்மாள், வை.மு. கோதைநாயகி அம்மாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். இவர்களுள் முத்துப்பழனியின் பாயிரமே விரிவாக நோக்கப்படுகிறது. அது ஒருமுறை நூலிலிருந்து நீக்கப்பட்டதும் மற்றொரு பெண்ணால் மீட்கப்பட்டதும் அதற்குக் காரணம்.

திறவுச்சொற்கள்: பாயிரம், அவையடக்கம், தற்புகழ்ச்சி, அவதாரிகை, பதிப்பு நீக்கம், தஞ்சை அரசவை, பெண் நாடகாசிரியர்.

1. பேகனின் மனைவியும் நான்கு புலவர்களும்

பழனிமலையைச் சார்ந்த நாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும்பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தவன் எனப் பெயர் பெற்றவன். அவன் தன் மனைவியைப் பிரிந்து வாழ்ந்த செய்தியைப் புறநானூறு பதிவு செய்கிறது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பரிந்து பேசுகின்றனர். 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் இப்பொருளின. அப்பெண்ணின் அழுகை பாடல்களில் கேட்கிறது, தோற்றமும் காட்டப்படுகிறது. ஆயின், அவள் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கும் பாட்டு ஒன்றும் இல்லை. கண்ணகி என்னும் அவள் பெயரைக்கூடப் பாட்டின் அடிகளால் அன்றி, பாட்டின் கீழ் அமைந்த கொளுக்குறிப்பால்தான் அறிகிறோம்.

கொளு என்பது பனுவலுக்கு வெளியே நிற்பது. பெயர், காரணம், களம் ஆகியவற்றைப் பிற்காலத்தார் தொகுத்துரைக்கும் இடம் அது. ஒரு பெண்ணைப் பற்றிய பொதுக்கருத்து பனுவலின் உள்ளே எவ்வளவு உருவாகிறதோ அவ்வளவு அதன் விளிம்பிலும் உருவாகிறது என்பதற்குப் பழனிமலை தரும் பழஞ்சான்றாக இதைக் கொள்ளலாம். அவ்விளிம்பு அன்று பிறர் கையில் இருந்தது. 1984இல் அதே மலைத்தொடரின் மேல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பெண் எழுத்தைத் தனிப் புலமாகப் பயிலும் ஆய்வுகள் பெருகிவிட்ட இக்காலத்தில், அவ்விளிம்பைப் பெண்கள் தம் கைக்குள் எப்போது, எவ்வாறு கொணர்ந்தனர் என்ற வினா எழுவது இயல்பே.

2. பாயிர மரபில் ‘தான்’ நிற்கும் இடம்

முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை எனப் பாயிரத்துக்கு ஏழு பெயர்களைப் பவணந்தியார் தருகிறார். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ழெனெட் 1987இல் வெளியிட்ட நூலில் தலைப்பு, முன்னுரை, காணிக்கையுரை போன்றவற்றை நூலின் ‘வாயில்கள்’ என விரிவாக ஆராய்ந்தார். அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாயிலுக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். எனினும் இக்கட்டுரைக்கு வேண்டுவது அம்முன்மையன்று. அவ்விலக்கணம் யாரை வாயிலில் நிற்க விட்டது என்பதே.

சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் நால்வர் என்கிறது நன்னூல்: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்குத் தக்க உரைகாரன். தொல்காப்பியத்துக்கு ஒருசாலை மாணாக்கராகிய பனம்பாரனார் பாயிரம் செய்தது இவ்வழக்குக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. நான்கு உறவுகளும் கல்விக்கூடத்தில் விளைவன. திண்ணைப் பள்ளியிலோ மடத்திலோ அமர்ந்து கற்கும் வாய்ப்பற்ற பெண்ணுக்கு இந்நால்வருள் எவரும் எளிதில் வாய்ப்பதில்லை. இலக்கணம் பெண்ணை வெளிப்படையாக விலக்கவில்லை. அவளுக்காகப் பேசத்தக்க ஆளை மட்டும் அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

பிறர் இல்லையேல் தானே பேசலாமா? அறிவு நிரம்பியவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்பது பொதுவிதி. அதையடுத்து நான்கு விலக்குகள் வருகின்றன: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது; தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போது; பேரவையில் வாதில் வெல்ல வேண்டும்போது; எதிரி தன்னைப் பழித்துரைத்தபோது. இந்நான்கும் அரிய சூழல்கள் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டவை. பெண் நூலாசிரியர்க்கோ இவையே அன்றாடச் சூழல்கள். அவளுடைய ஆற்றலை அறிந்த அவை ஏது? பழியாத எதிரி எங்கே? ஆகவே, விதிவிலக்கு பெண்ணிடம் வந்து விதியாகிவிடுகிறது.

அவையடக்கத்தையும் இங்கே கருத வேண்டும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது, அதை எவரும் உண்மையென்று கொள்வதில்லை. புலமையின் அணியாகவே கொள்கிறோம். அதே சொல்லைப் பெண்ணொருத்தி சொன்னால், ஆம், அப்படித்தான் என்று அவை தலையசைத்துவிடக்கூடும். பணிவு ஓர் உத்தியாகப் பயன்பட வேண்டுமாயின், கேட்போர் அதை நம்பாதிருக்க வேண்டும். பெண்ணுக்கு அவ்வுறுதி கிடையாது. பின்வரும் பாயிரங்கள் பலவற்றில் அவையடக்கம் மெலிந்தும் தன்னிலையுரை வலிந்தும் நிற்பதற்கு இது ஒரு காரணம் எனக் கருதுகிறேன்.

பாயிரத்தின் இன்றியமையாமையை விளக்கும் நூற்பாவில் பவணந்தியார் தரும் உவமைகளும் நோக்கத்தக்கவை. மாளிகைக்கு ஓவியமும் நகருக்குக் கோபுரமும் போல, அழகிய தோளுடைய மகளிர்க்கு அணிகலமும் போலப் பாயிரம் நூலுக்கு அழகு தரும் என்பது அவர் கருத்து. பெண் அங்கே உவமைப் பொருளாக நிற்கிறாள். பாயிரம் எழுதுபவளாக அல்ல.

3. அரசவையில் ஒரு நாடகாசிரியர்

தஞ்சை நாயக்கர் அவை தெலுங்கில் இயங்கியது. ஆயினும் அது தமிழ் நிலத்து அவை. இரகுநாத நாயக்கர், அவர் மகன் விசயராகவ நாயக்கர் ஆகியோர் காலத்தில் அங்கே பெண்கள் புலமையால் மதிக்கப்பட்டனர். விசயராகவர் அவையில் விளங்கிய பசுபுலேட்டி அரங்காசம்மா ‘மன்னாருதாச விலாசம்’ என்னும் யட்சகான நாடகத்தை இயற்றினார். மன்னாருதாசன் என்பது மன்னார்குடி இராசகோபாலனுக்கு அடியவனாகிய விசயராகவரையே குறிக்கும். எனவே நாடகத்தின் தலைவனே அவையின் தலைவனாக எதிரே அமர்ந்திருந்தான். தென்னகத்தின் தொடக்ககாலப் பெண் நாடகாசிரியர் ஒருவரை நாம் பெயரோடு அறியும் இடம் இது.

அரங்காசம்மா தம்மைப் பற்றிய செய்திகளை நூல்களின் உரைநடைக் குறிப்புகளில் வைக்கிறார். அவற்றுள் மன்னன் தமக்குக் கனகாபிடேகம் செய்வித்த சிறப்பு முதன்மையானது. பொன்னால் முழுக்காட்டுதல் அவைப்புலவர்க்கு அரசன் செய்யும் மிகவுயர்ந்த மதிப்பு. ‘யான் வல்லேன்’ என்று அவர் சொல்லவில்லை. அவை என்ன செய்தது என்பதை மட்டும் எடுத்துவைக்கிறார். தற்புகழ்ச்சி விலக்கு மீறப்படவில்லை. ஆனால் புகழ் நூலுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. மன்னனின் மன்றத்துக்கு விடுக்கும் ஓலையில் தன்னைப் புகழலாம் என்ற முதல் விலக்கின் நேரிய பயன்பாடு இது.

இவ்வுத்திக்கு ஒரு குறையும் உண்டு. அரசனின் மதிப்பையே தன் மதிப்புக்குச் சான்றாக வைக்கும் படிமம், அவ்வரசு இருக்கும்வரையே நிற்கும். தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673இல் முடிவுற்றது.

4. முத்துப்பழனியின் அவதாரிகை

நூறாண்டு கடந்து, மராத்திய மன்னர் பிரதாபசிங்கர் (1739–1763) அவையில் முத்துப்பழனி தோன்றுகிறார். பழனி என்னும் தலப்பெயர் தஞ்சைப் பெண் ஒருவரின் பெயராக அமைந்தது, காவிரிக்கரைக் குடிகளிடம் பழனியாண்டவர் வழிபாடு பெற்றிருந்த செல்வாக்கோடு பொருந்துவதே. அவர் இயற்றிய ‘ராதிகா சாந்தவனம்’ நாடகம் அன்று, சிருங்காரக் காவியம். ஆயினும் பாடியவர் ஆடற்கலை மரபினர்; ஊடல், தூது, உரையாடல் என்னும் அரங்கத் துறைகளிலேயே அதன் கதையும் நடக்கிறது. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இவரே.

காவியத்தின் தொடக்கமாகிய அவதாரிகையில் அவர் தம் குடிவழியைச் சொல்கிறார். அவ்வழி பாட்டி தஞ்சைநாயகியை முன்னிறுத்திச் செல்கிறது. தம் அழகையும் பேச்சுத் திறனையும் புலமையையும் தயக்கமின்றி வருணிக்கிறார். அறிஞர்க்குப் பொருளீந்து சிறப்பித்த பெண், பிறர் தம் நூல்களை உரிமையாக்கிப் பெருமைப்படுத்திய பெண் தம்மைப்போல் தம் இனத்தில் வேறு யார் உளர் என வினவுகிறார். அவையடக்கத்தின் நிழல்கூட அங்கே இல்லை.

இதை வெறுந்தற்பெருமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் எதை எண்ணிக் காட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். ‘எனக்கு அரசன் கொடுத்தான்’ என்பது அரங்காசம்மாவின் மொழி. ‘நான் கொடுத்தேன், எனக்கு நூல்கள் உரிமையாக்கப்பட்டன’ என்பது முத்துப்பழனியின் மொழி. புரவலனின் இடத்தில் பெண் நிற்கிறாள். மேலும், அவர் தம்மை ஒப்பிடுவது ஆண் புலவரோடு அன்று, தம்மையொத்த பெண்களோடு. பெண் புலவர் என்பதே ஒரு விந்தை என்ற எண்ணத்தை இவ்வொப்பீடு தகர்த்துவிடுகிறது. அத்தகைய பெண்கள் பலர், அவர்களுள் யான் சிறந்தேன் என்பதே அதன் உட்கிடை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைடிபாட்டி வேங்கடநரசு இக்காவியத்தை அச்சிட்டார். சி.பி. பிரவுனோடு பணியாற்றியவர் அவர். அப்பதிப்பில் சில சிருங்காரப் பாடல்கள் விடுபட்டிருந்தன. அவற்றோடு அவதாரிகையும் விடுபட்டிருந்தது. பாடல்களை நீக்கியதற்குக் காமச்சுவை மிகுதி காரணமாகலாம். குடிவழியும் தன்னிலையும் கூறும் பகுதியில் அத்தகைய மிகுதி ஏது? இந்நீக்கத்தை வெறும் ஒழுக்கக் கவலை என்று என்னால் கொள்ள இயலவில்லை. நூல் வேண்டும், அதை ஆக்கிய பெண்ணின் முகம் வேண்டா என்ற மனப்பாங்கின் விளைவாகவே அது படுகிறது. நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு வகுத்த உறுப்புகளுள் முதலாவது ஆக்கியோன் பெயர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

5. ஒருத்தி பாயிரத்தை மற்றொருத்தி மீட்டது

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) இசையரங்கில் பெரும்புகழ் பெற்றவர். பின்னாளில் திருவையாற்றில் தியாகராசர் நினைவிடத்தை எழுப்பியவர் என்ற வகையில் இன்றும் அறியப்படுபவர். அச்சுப் படியில் குறை கண்ட அவர், சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்ட பகுதிகளையும் அவதாரிகையையும் சேர்த்து 1910இல் வாவிள்ள பதிப்பகத்தின் வழி வெளியிட்டார். அதற்குத் தாமே ஒரு முன்னுரையும் எழுதினார்.

அம்முன்னுரையின் நடை பதிப்பாசிரியர்க்குரியது. நூலைப் பற்றி முதலில் எங்கே அறிந்தார், படி எவ்வாறு கிடைத்தது, அது எந்நிலையில் இருந்தது, வேறு படியைக் கொண்டு எவ்வாறு ஒப்பிட்டார் என்பவை முறையாக வருகின்றன. அக்காலப் பதிப்புலகில் இது புலவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட பேச்சு. மேடையில் பாடும் பெண்ணாக மட்டும் தம்மை அறிந்திருந்த பொதுமக்கள் முன் இப்பேச்சினால் அவர் சுவடி ஒப்பிடும் அறிஞராக நிற்கிறார். பாட்டின் இனிமையைச் சொல்லும் இடத்தில், எத்தனை முறை கற்றாலும் மீண்டும் கற்கத் தூண்டுவது என்று பாராட்டி, அது பெண் இயற்றியது என்பதோடு தம் குலத்தவள் இயற்றியது என்பதையும் சேர்த்தே உரைக்கிறார். மறைத்துவிட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் அவ்வுறவை அவர் நூலின் முகப்பிலேயே வைத்தார்.

அடுத்து எதிர்வாதம். ஆந்திரச் சீர்திருத்தவாதியும் ‘ஆந்திர கவுல சரித்திரமு’ ஆசிரியருமான கந்துகூரி வீரேசலிங்கம், முத்துப்பழனியின் ஒழுக்கத்தைப் பழித்ததோடு, அக்காவியத்தின் பல பகுதிகள் பெண்ணின் வாயிலிருந்து வரத்தகாதவை மட்டுமல்ல, பெண்ணின் செவியில் படவும் தகாதவை எனவும் எழுதியிருந்தார். நாகரத்தினம்மாளின் விடை நேரானது. நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரிய இயல்போ என்று அவர் கேட்கிறார். வீரேசலிங்கத்தின் ஒப்புதலைப் பெற்ற ‘வைஜயந்தி விலாசம்’ போன்ற ஆண்களின் படைப்புகளில் இதனினும் மிக்க வருணனைகள் உள்ளமையைச் சுட்டுகிறார். எதிரி பழித்தபோது தன்னை எடுத்துரைக்கலாம் என்னும் நன்னூல் விலக்கு இங்கே ஒரு மாற்றத்தோடு செயற்படுகிறது. பழிக்கப்பட்டவள் இறந்து நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவளுக்காகப் பேசுபவள் மற்றொருத்தி. நன்னூல் கூறும் நால்வருள் இவரை எங்கே வைப்பது? ஆசிரியரல்லர், மாணாக்கரல்லர், ஒருசாலை கற்றவரும் அல்லர். ‘தகும் உரைகாரர்’ என்ற இடமே எஞ்சுகிறது. அவ்விடத்தை எவரும் அவருக்கு அளிக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

இந்நிலைக்கு உலக வரலாற்றில் இணை தேடுவோர்க்கு ஆங்கில நாடகாசிரியர் ஆப்ரா பென் முதலில் தென்படுவார். 1673இல் அச்சான ‘டச்சு லவர்’ நாடகத்தின் வாசகர்க்கான மடலில், தம் நாடகம் பெண் எழுதியது என்பதனாலேயே அரங்கில் முன்கூட்டிப் பழித்த ஒருவனை எள்ளி நகையாடுகிறார். 1687இல் வெளிவந்த ‘லக்கி சான்ஸ்’ முன்னுரையில், ஆண்கள் எழுதினால் பொறுக்கப்படுவது தாம் எழுதினால் மட்டும் ஆபாசம் எனப்படுவது ஏன் என்று கேட்கிறார். நாகரத்தினம்மாளின் வாதமும் இதுவே. ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே வாதத்தை வந்தடைந்துள்ளனர். வேறுபாடு ஒன்றுண்டு. பென் தமக்காகப் பேசினார், தொடர்ந்து நாடகங்கள் எழுதினார். நாகரத்தினம்மாளின் பதிப்போ 1911இல் ஆபாசம் எனக் கூறிப் பறிமுதல் செய்யப்பட்டது. வாவிள்ள நிறுவனத்தாரின் முறையீடுகள் அப்போது பயன் தரவில்லை. தடை 1947இல் நீங்கியது. 1952இல் நூல் மீண்டும் அச்சேறியது. அவ்வாண்டிலேயே நாகரத்தினம்மாள் மறைந்தார். முன்னுரையில் அவர் அமைத்துக்கொண்ட அறிஞர் முகம் முப்பத்தாறு ஆண்டுகள் பூட்டப்பட்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் மனத்தில் நிலைத்தது தியாகராசர் அடியவர் என்னும் முகமே. பாயிரம் படைக்கும் படிமம், நூல் புழங்கினால்தான் நிலைபெறும்.

6. எழுதாத கை, எழுதிய தோழி

தமிழில் அச்சுக்கால நாடகத்துக்கு வருவோம். வை.மு. கோதைநாயகி அம்மாளின் (1901–1960) 115 புதினங்கள் பலரும் அறிந்தவை. அவர் முதலில் இயற்றியது ஒரு நாடகம் என்பது அத்துணை நினைவிற் கொள்ளப்படுவதில்லை. ‘இந்திர மோகனா’ என்னும் அந்நாடகம் 1924இல் வெளிவந்தது. ஐந்தரை வயதில் மணம், பள்ளிக் கல்வி இல்லை, கணவர் வை.மு. பார்த்தசாரதியுடன் கண்ட நாடகங்களே அரங்கப் பயிற்சி. எழுதும் பழக்கம் அன்று அவருக்கு இல்லாமையால், அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார்.

இச்செய்தி அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் மறவாமல் இடம்பெறுகிறது. அது நூலின் பாயிரம் செய்ய வேண்டிய பணியைச் செய்துவிட்டது என்பது என் கருத்து. அக்காலத்தில் ஒரு குடும்பப் பெண்ணின் பெயரில் நூல் வந்தால், உண்மையில் எழுதியவர் கணவரோ தமையனோ என்ற ஐயம் எழுவது வழக்கம். ‘எனக்கு எழுதத் தெரியாது, எழுதியவள் என் தோழி’ என்ற கூற்று, கல்லாமையை ஒப்புக்கொள்வதுபோல் தோன்றினும், நூலின் பிறப்பிடத்தில் இரு பெண்களை மட்டும் நிறுத்திவிடுகிறது. ஒருங்கு கற்றவன் பாயிரம் செய்வான் என்ற விதிக்கு, எழுதிக்கொடுத்த தோழி சான்று பகர்வாள் என்பது அச்சுக்கால மாற்று எனலாம். பெயருக்கு முன் நின்ற வை.மு. என்ற எழுத்துகள் கணவர் குடியுடையவை. கோதை என்பது அவருடையது. குலமகள் நாடகம் எழுதலாமா என்று கேட்டிருக்கக்கூடிய வாசகர்க்கு முன்னெழுத்துகளே விடையளித்தன. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய பின், தம்மை அறிமுகம் செய்யப் பிறர் முன்னுரையை எதிர்பார்க்கும் நிலை அவருக்கு இல்லாதாயிற்று. மாதந்தோறும் வாசகர் முன் நிற்கும் களம் அவர் கையிலேயே இருந்தது.

7. தன் வாழ்வே சான்றாதல்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ 1936இல் வெளிவந்தது. அது புதினமே ஆயினும் அரங்கு, ஆடல், பாடல் சார்ந்த வாழ்வே அதன் களம். இளமையில் ஆடலும் பாடலும் பயிற்றுவிக்கப்பட்டு, அத்தொழிலை மறுத்து, இசையாசிரியர் சுயம்பு பிள்ளையை மணந்தவர் அம்மையார். கதை தொடங்குமுன் வரும் முன்னுரையில் தம் இளமைப் பட்டறிவையும், இவ்வழக்கத்தைக் கடவுள் ஒரு குலத்துக்கு விதித்திருப்பாரா என்று தாம் ஐயுற்றதையும் சொல்லிச் செல்கிறார். புனைவென்று தள்ளிவிடாதீர், கண்டவள் சொல்கிறேன் என்பதே அதன் தொனி. தன் ஆற்றலை உணராதவரிடையே தன்னைச் சொல்லலாம் என்ற விலக்கு, தன் துன்பத்தை உணராதவரிடையே தன்னைச் சொல்லுதல் என்று இங்கே விரிகிறது.

1910ஆம் ஆண்டு முன்னுரையையும் 1936ஆம் ஆண்டு முன்னுரையையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் இடர்ப்பாடு தெளிவாகிறது. இருவரும் ஒரே வகைச் சமூகச் சூழலில் வளர்ந்தவர்கள். இருவரும் நூலின் முகப்பில் அதை மறைக்காமல் சொன்னவர்கள். நாகரத்தினம்மாளுக்கு அம்மரபு புலமையின் கால்வழி. தேவதாசி ஒழிப்புச் சட்ட முயற்சியை எதிர்த்தோர் பக்கத்தில் அவர் நின்றார். அம்மையாருக்கு அது உடைக்க வேண்டிய வலை. ஒழிப்பு இயக்கத்தில் ஊர் ஊராகச் சென்று உழைத்தார். பெண்ணின் தன்னிலையுரை என்றாலே ஒரே திசையில் செல்லும் விடுதலைக் குரல் என்று படிக்கும் பழக்கம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. இவ்விரு முன்னுரைகளும் அப்படிப்புக்கு இடங்கொடுப்பதில்லை. முத்துப்பழனி தம் பாட்டியின் பெயரால் பெருமிதம் கொண்டது நாகரத்தினம்மாளின் முகப்புரையில் தொடர்கிறது. அம்மையாரின் முகப்புரை அப்பெருமிதத்தின் விலை என்ன என்று கேட்கிறது.